நான் பாடச் சொன்ன பாட்டு

ஜூன் 2, ஞாயிறு

குழாயடியில் காகிதம் ஒட்டிவிட்டேன். யாரும் குடத்தோடு வருவதற்கு முன்பே எழுந்துபோய் ஒட்டினேன். 'நாட்டுப்பாட்டு கற்றுக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்கு வரவும். பாடத் தெரியாதவர்கள் மட்டும்.' பெயர் போடவில்லை.

எல்லாம் இருளாயி அக்காவால் வந்தது. பனியன் கம்பெனியில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறோம். ஸ்பீக்கரில் பாட்டு நிற்கும்போதெல்லாம் அக்கா முனகுவார். நாற்று நடுகிற பாட்டு, ஆடு மேய்க்கிற பாட்டு. கேட்டால், "எனக்கு எங்கத்தா பாடத் தெரியும், சும்மா நாக்கு ஊறுது" என்பார். அக்காவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் காம்பவுண்டில் கடைசி வீட்டில் போன வருடத்திலிருந்து தனியாக இருக்கிறார். எனக்கும் பாடத் தெரியாது. தெரியாதவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

சாயங்காலம் மூன்றாம் வீட்டு சகாயமேரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, அந்தப் பேப்பர் உன் கையெழுத்துதான?"

"இல்லக்கா."

"தெரியாதவங்க மட்டும் வரணும்னு போட்டுருக்கு. அப்படின்னா திருப்பூரே வரும்லா. மாடி தாங்குமாட்டி?"

ஜூன் 4, செவ்வாய்

நல்ல தண்ணீர் வந்தது. காகிதம் நனைந்து கிழிந்திருந்தது. மறுபடி எழுதவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

ஆறு பேர் வந்தார்கள். நான் துணி எடுக்கிற மாதிரி கொடிக் கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சகாயமேரி அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் சர்ச்சில் தட்டுகிற தாம்பரினைக் கொண்டுவந்திருந்தார். எனக்குக் காலிப் பெயின்ட் வாளி. கவிழ்த்துப் போட்டால் நல்ல சத்தம்.

முறை ஒன்று வைத்துக்கொண்டோம். வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் தன் ஊரில் கேட்ட ஒரு வரியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். தப்பு வந்தால் நிறுத்தக் கூடாது, தப்போடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். முறை வந்தபோது நான் வாளியைத் தட்டிக் கடத்திவிட்டேன்.

சகாயமேரி அக்காவுக்குத் தூத்துக்குடி. உப்பளத்து வரி ஒன்று சொன்னார்.

உப்பு வாரும் கையிக்காரி
உச்சிவெயிலு தோழிக்காரி

'தோழிக்காரி' என்று ஒரு சொல் உண்டா என்று ஒருவர் கேட்க, "பாட்டுல உண்டு, நீ பாடு" என்றார். எல்லோரும் வேறு வேறு மெட்டில் பாடினோம். இருளாயி அக்கா மட்டும் சரியாகப் பாடினார். பிறகு வேண்டுமென்றே தப்பாகப் பாடினார். தெரியாதவர்கள் மட்டும் என்று நான் எழுதியிருந்தேனே, அதனால் இருக்கும்.

வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். காம்பவுண்டே அவர்களுடையதுதான்; முன் வீட்டில் இருக்கிறார்கள், அவரும் வீட்டுக்காரர் சென்னியப்பனும். எல்லோரும் எழுந்து நின்றோம்.

"உக்காருங்க, உக்காருங்க. பாட்டுப் பாடறத ஆரு வேண்டாங்கறது. வெளக்கு வெக்கறதுக்கு முந்தி எறங்கிப்போடோணும். அவருக்கு நெஞ்சுக்குச் செரியில்லைங்காட்டி, தூங்கோணுமல்லோ."

போகும்போது என் தலையைத் தொட்டு, "அம்மிணி, நீயுமா பாடறே?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஜூன் 13, வியாழன்

ஒன்றரை ஷிப்டு. அப்பாவுக்கும் சாயப்பட்டறையில் இரவு வேலை. ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று ஒன்பது பேர். 'தெரியாதவர்கள்' என்ற பேச்சே போய்விட்டது. வரி மாற்றி வரி வந்துகொண்டே இருந்தது. இருளாயி அக்கா கேட்டார், "ஏத்தா, இத்தன பேரையும் கூட்டுனது நீதானாமே? நீ வாய் தெறந்து நான் பாத்ததே இல்லையே." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தாவது பாதியில் நின்ற பிறகு நானாக ஆரம்பித்த ஒரே காரியம் இதுதான்.

முன் வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கும்போது, "நல்லாருக்குது அம்மிணி" என்றார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவரோடு நான் பேசுவதில்லை. அவருக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். நான் யாரோடும் பேசாதவள் என்றுதானே எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று சகாயமேரி அக்கா, தாலாட்டு, நடவு எல்லாம் ஆயிற்று, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன், "ஒப்பாரி."

என் வாயிலிருந்து வந்ததால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இருளாயி அக்கா, "அதெல்லாம் சாவு விழுகாத வீட்டுல வாயில எடுக்கக் கூடாதுத்தா. தேடிப்போயிக் கூப்புட்ட மாதிரி ஆயிரும்" என்றார்.

"இது மாடிதானே அக்கா. வீடு இல்லையே."

"ஒனக்கு எதுக்குத்தா அது?"

"மெட்டு தெரிஞ்சுக்கத்தான். அம்மாவுக்குப் பொண்ணு பாடுவாங்கல்ல, அது."

அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் பாடினார். நாலு வரி.

வெள்ளிச் சொம்பு தேச்சு வச்சேன் என்னப் பெத்த தாயே
வெளிவாசல் பாத்து நின்னேன்
வந்தவுக வந்து நின்னாக என்னப் பெத்த தாயே
வாசலுக்கு நீ வரலையே

யாரும் திருப்பிப் பாடவில்லை. நான் வாளியைத் தட்டவில்லை. இன்னொரு தடவை என்று கேட்டேன். அக்கா மறுபடி பாடினார். இந்தத் தடவை சத்தம் கூடிவிட்டது. ஒப்பாரியை மெதுவாகப் பாட முடியாது போல.

நான் கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து முன் வீட்டு ஜன்னல் தெரியும். திறந்திருந்தது.

ஜூன் 24, திங்கள்

அந்த நாலு வரியும் மனப்பாடம் ஆகிவிட்டது. வேலையில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பண்டலில் பிசிரோடு சேர்த்துத் துணியையும் வெட்டிவிட்டேன். செக்கிங்கில் பிடித்துவிட்டார்கள்.

ஜூன் 26, புதன்

வீட்டுக்காரர் இறந்துவிட்டார். காலையில் பல் துலக்கும்போது அப்படியே சரிந்தாராம்.

ஜூன் 27, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

வாசலில் பந்தல், ஐஸ் பெட்டி, நாற்காலிகள். காம்பவுண்டில் எல்லோரும் லீவு. நான் காபி டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் கழுவிக்கொண்டும் இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருளாயி அக்கா மாலை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரரின் அக்கா படியிலேயே மறித்துவிட்டார்.

"நீதான அன்னைக்கு மாடியில ஒப்பாரி வெச்சவ? எந்தம்பி உசுரோட உள்ள படுத்திருக்கறான். அவன் காதுல உளுகற மாதிரி வெச்சுப்போட்டு, இப்ப மாலையா?"

எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார், தலை நிமிரவில்லை.

"ஆரு பாடச் சொன்னது?" என்று அந்தம்மா கேட்டார். "ஆராச்சும் சொன்னாங்களா, நீயாப் பாடினியா?"

இருளாயி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. என் கையில் டம்ளர்கள் இருந்தன. நான் அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

"நானாத்தான் பாடுனேன்" என்றார் அக்கா.

மாலையைக் குழாயடிச் சுவரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி வரை அது அங்கேயே இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

அப்பாவிடம் சொன்னேன். நான்தான் பாடச் சொன்னேன் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"நீ எதுக்கும்மா போயி அதக் கேட்ட?" பிறகு அவரே, "சரி, விடு. யார்கிட்டயும் வாயத் தெறக்காத. நம்மளக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது" என்றார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. அப்பா சொன்னதால்தான் நான் பேசவில்லை என்று ஆகிவிட்டதல்லவா.

ஜூன் 30, ஞாயிறு

யாரும் மாடிக்குப் போகவில்லை. சகாயமேரி அக்காவின் கணவர் தாம்பரினைப் பரண்மேல் போட்டுவிட்டாராம். துணி எடுக்க மட்டும் போனேன்.

ஜூலை 3, புதன்

கம்பெனியில் இருளாயி அக்கா வேறு டேபிளுக்கு மாறி உட்கார்ந்துவிட்டார். லைட் வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கிறதாம்.

ஜூலை 7, ஞாயிறு

வீட்டுக்காரரின் அக்கா இன்னும் முன் வீட்டில்தான் இருக்கிறார். இன்று இருளாயி அக்காவைக் கூப்பிட்டு, ஆடி பிறந்தால் வீடு மாறக் கூடாது, அதற்குள் காலி செய்துவிடு என்றாராம். சகாயமேரி அக்கா சொன்னார்.

"பாவம்ட்டி. வேற வீடு போயிக் கேட்டா, கூட யாரு இருக்கான்னு கேக்குதாவ. ஒத்தப் பொம்பளன்னா கதவச் சாத்துதாவ. நம்மதான எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டோம். ஒரு ஆளாவது பேச வேண்டாமா?"

"நீங்க பேசலாம்ல அக்கா" என்றேன்.

"நான் பேசுனா எங்க மாமியாரு வரைக்கும் போன் போயிரும். ஏட்டி, மொதல்ல கேட்டது நீதான."

அவர் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மாவு கரைத்த கையோடு வந்திருந்தேன், வீட்டுக்குப் போகும்வரை மாவு சொட்டிக்கொண்டே போயிருக்கிறது.

ஜூலை 10, புதன்

எழுத வேண்டியதை எழுதாமல் வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் மெட்டுக்காகக் கேட்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது நான் பத்தாவது படித்தேன். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்கு அப்பா ஆம்புலன்ஸ் பேசிவிட்டார். அப்போது வீட்டுக்காரர் போன் செய்தார். முன் வீட்டில் அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம், பந்தல் போட்டு வாழை கட்டியிருக்கிறது, இங்கே கொண்டுவர வேண்டாம், நேராக மின்மயானத்துக்குப் போய்விடுங்கள் என்று சொன்னார். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே போய்விட்டோம். ஊரிலிருந்து யாரும் வந்து சேரவில்லை. யாரும் பாடவில்லை. நான் திரும்பி வந்தபோது வாசலில் நாதஸ்வரம். அழுதுகொண்டே உள்ளே போகக் கூடாது, கல்யாண வீடு என்பதால் முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

அம்மாவுக்காகக் கேட்டேன். அது உண்மை. ஆனால் இரண்டாவது தடவை பாடச் சொன்னது எதற்கு? அந்த ஜன்னல் திறந்திருந்ததால்தான். அவர் காதில் விழட்டும் என்று நினைத்தேன். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. காதில் விழட்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் இப்போது யோசித்தால், விழுந்த பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றும் இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

இருளாயி அக்கா வீட்டுக்கு வெளியே இரண்டு சாக்கு மூட்டை. பாத்திரமாக இருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டுக்காரரின் அக்கா காலையில் ஊருக்குப் போனார். நல்ல தண்ணீர் வந்திருந்தது. முன் வீட்டுக்கு எடுத்துவிட ஆள் இல்லை. நான் குடத்தோடு போனேன்.

வீட்டுக்காரம்மா வெள்ளைச் சேலையில் சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குடத்தை இறக்கிவிட்டு நின்றேன்.

"இன்னும் ரெண்டு கொடம் போதும் அம்மிணி" என்றார். "அந்தக் கடைசி வீட்டுக்காரி எப்பக் காலி பண்றாளாம்?"

"அவங்களாப் பாடல" என்றேன்.

"என்ன?"

"இருளாயி அக்கா அவங்களாப் பாடல. பாட மாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் பாடச் சொன்னேன். ரெண்டு தடவ பாடச் சொன்னேன். எங்கம்மாவுக்கு."

வெங்காயம் உரித்த கை நின்றது. நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"அன்னைக்கு அய்யா போன் பண்ணி அம்மாவ இங்க கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல. அதான். அவங்க காதுல விழட்டும்னு."

அவர் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரு சொல்லுல அம்மிணி" என்றார். "நாந்தான் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"முகூர்த்தக்காலு நட்டுப் பந்தலு கட்டியாச்சு, இப்பப் பொணத்த வாசல்ல எறக்குனா எம்புள்ளைக்கு ஆகாதுன்னு நாந்தான் சொன்னேன். பாவம், ஆத்தாளத் தூக்கிட்டு எங்க போவாங்கன்னு அவரு சண்டைக்கு வந்துட்டாரு. நம்பரப் போட்டுக் கையில குடுத்து, பேசுங்கன்னு நெருக்குனது நானு. பேசிப்போட்டு அன்னைக்குப் பூரா சோறு உங்குல. கண்ணாலத்து வேலைய உட்டுப்போட்டு மயானத்துக்கு வண்டியெடுத்துட்டுப் போயி, வெளியில நின்னு பாத்துப்போட்டு வந்தாரு. உங்கப்பனுக்குத் தெரியும்."

அப்பா எனக்குச் சொல்லவே இல்லை.

"அவருக்குக் காதுல உளுந்துச்சு" என்றார். "எந்திரிச்சு உக்காந்து கேட்டாரு. அந்தப் புள்ளைதான் பாடச் சொல்லியிருக்கும்னு சொன்னாரு. ஆருன்னு நாங் கேக்குல. எனக்குத் தெரிஞ்சுது."

அவரும் அழவில்லை, நானும் அழவில்லை.

"தெரிஞ்சும் ஏம்மா அந்த அக்காவப் போகச் சொன்னீங்க?"

"எங்க நாத்தி சொன்னா. நான் வாயத் தொறந்தா, பாட்டு எதுக்கொசரம்னு சொல்லோணும். சொன்னா அன்னைக்கு நாஞ் செஞ்சதும் வெளிய வரும்." மறுபடி வெங்காயத்தை எடுத்தார். "நீ வாயத் தொறக்குல. நானும் தொறக்குல. போயி அவளப் போக வேண்டாம்னு சொல்லு. நாத்திகிட்ட நாம் பேசிக்கறேன்."

மீதி இரண்டு குடத்தையும் எடுத்து ஊற்றிவிட்டுத்தான் போனேன்.

இருளாயி அக்கா மூன்றாவது சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று சொன்னேன், வீட்டுக்காரம்மா போக வேண்டாம் என்கிறார் என்று.

"ஏனாம்?"

"நான் சொன்னேன். நான்தான் பாடச் சொன்னேன்னு."

ஊசி நிற்கவில்லை.

"இன்னைக்காத்தா சொன்ன?"

"ஆமாக்கா."

"எத்தன வீட்டு வாசல்ல போயி நின்னேன்னு தெரியுமா ஒனக்கு? எம்புருசன் எங்கேன்னு கேக்காதவுக ஒருத்தரு இல்ல."

எங்கள் அம்மாவைப் பற்றியும் சொல்ல வந்தேன். சொன்னால் அக்கா உடனே மனம் இளகிவிடுவார். அதனால் சொல்லவில்லை. என் தப்புக்கு அம்மாவைக் காட்டி மன்னிப்பு வாங்குகிற மாதிரி இருக்கும்.

ஜூலை 15, திங்கள்

அப்பாவிடம் கேட்டேன், மயானத்துக்கு வீட்டுக்காரர் வந்தாரா என்று. "வந்தாரு. கேட்டுக்கு வெளியவே நின்னாரு. நான் பேசல" என்றார். "ஏம்ப்பா எனக்குச் சொல்லல?" "சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"

அந்த மனிதர் நல்லாருக்குது அம்மிணி என்று சொன்னபோது நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. சாக்கு மூட்டைகள் வாசலில் இல்லை. அக்கா வீட்டுக்குள்ளிருந்து குழம்பு தாளிக்கிற வாசனை வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏன் அம்மிணி, ஆரும் மேல போறதில்லையா?" துக்க வீடாச்சே என்றேன். "அதுக்கென்ன, துக்க ஊட்டுலதான் பாடறது" என்றார். கேலியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

போனோம். சகாயமேரி அக்காதான் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தாம்பரினைப் பரணிலிருந்து அவரே ஏறி எடுத்துவிட்டாராம், அவர் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். "வாய்தான் வேண்டாம்னுச்சு, கை ஏணியப் புடிச்சுட்டு நிக்கி" என்று சொல்லிச் சிரித்தார். ஐந்து பேர்தான். இருளாயி அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். கடைசியாக வந்தார். எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. சுற்றிப் போய் சகாயமேரி அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

உப்பளத்துப் பாட்டில் ஆரம்பித்தோம். எல்லோருக்கும் மெட்டு மறந்துபோயிருந்தது. முதல் நாளைவிட மோசம். நிறுத்தாமல் போனோம். நான் தலையைக் குனிந்துகொண்டு வாளியைத் தட்டினேன். தட்டத் தட்ட வேகம் ஏறிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது, பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. சீக்கிரம் முடிந்தால் கீழே போய்விடலாம் என்று இருந்தது.

வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இருளாயி அக்கா தொடையில் தட்டி எனக்குத் தாளம் காட்டினார். முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கை மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி.

"ஓடாதத்தா" என்றார். "எல்லாரும் வந்து சேரட்டும்."

மெதுவாகத் தட்டினேன்.